தோட்டத்துப் பிள்ளைகள் உளவளத்துணையாளரிடம் ஏன் வாய் திறப்பதில்லை?

கேள்வி கேட்டவர் யாழ்ப்பாணத்தில் உளவளத்துணை டிப்ளோமா முடித்து, இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, ஹட்டன் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்கு வந்து சில மாதங்கள் ஆனவர். தரம் 9 முதல் 11 வரையான பிள்ளைகளைப் பார்க்கிறார். "கூப்பிட்டால் வருகிறார்கள், உட்காருகிறார்கள், எதைக் கேட்டாலும் 'ஒண்ணும் இல்ல மிஸ்' என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறார்கள். மலையகக் கலாசாரத்துக்கு ஏற்ற மாதிரிப் பேச வேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்கள். அந்தக் கலாசாரத்தில் நான் என்னென்ன தெரிந்துகொள்ள வேண்டும்?" என்று கேட்கிறார். சடங்கு, சாமி, திருவிழா, சாதி என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்து இதை முடித்துவிடலாம். ஆனால் அவர் மனதுக்குள் கேட்பது, ஒரே மொழி பேசுகிற பிள்ளைகள் தன்னை ஏன் நம்ப மாட்டேன் என்கிறார்கள் என்பதைத்தான். அதற்குத்தான் பதில் எழுதப் பார்க்கிறேன்.

முதலில் நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள். பாடசாலைகளிலும், அப்புறம் ஓர் அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவிலும் பல வருடமாக உளவளத்துணை செய்கிறேன். மருத்துவர் இல்லை, மருந்தைப் பற்றி யார் கேட்டாலும் வாய் திறப்பதில்லை. நான் பார்த்த பிள்ளைகள் பெரும்பாலும் ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை, மஸ்கெலியாத் தோட்டங்களைச் சேர்ந்தவர்கள். லுணுகலை, பசறைப் பக்கம் சில விஷயங்கள் வேறு மாதிரி. கண்டி, மாத்தளையில் சிங்களக் கிராமங்கள் தோட்டத்தை ஒட்டியே இருப்பதால் அங்கே பிள்ளைகளின் பழக்கவழக்கமும் வேறு. ஆகவே நான் எழுதுவதை மலையகம் முழுவதற்குமான விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வெளியிலிருந்து வருபவர்கள் மலையகக் கலாசாரம் என்று பெயர் வைக்கிற பல விஷயங்களுக்குக் காரணம் வீட்டின் அளவு, சம்பளம், அந்த வீட்டில் இப்போது யார் இல்லை என்பவை. பிள்ளைகள் பேசாததை எடுத்துக்கொள்ளுங்கள். "மலையகப் பிள்ளைகள் கூச்ச சுபாவம்" என்று கருத்தரங்குகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் காம்பரா என்கிற அறை, முன்னால் இஸ்தோப்பு என்கிற சிறு வராந்தா, பின்னால் புகை பிடித்த அடுப்படி. அதில் அம்மா, அப்பா, பாட்டி, மூன்று பிள்ளைகள். வரிசையாக ஒட்டிக் கட்டிய இந்தத் தோட்ட வீடுகளை லயம் என்போம்; பழைய லயங்களில் சிலவற்றில் நடுச்சுவர் கூரையைத் தொடுவதே இல்லை. அடுத்த காம்பராவில் இருமினால் இங்கே கேட்கும். இந்த வீட்டில் பதினைந்து வயது வரை வளர்ந்த பிள்ளைக்குப் பேசத் தெரியாமல் இல்லை. எதைச் சொன்னால் யார் காதில் விழும், அது எப்படித் திரும்பி வரும் என்று கணக்குப் பார்க்கப் பழகியிருக்கிறது. உங்கள் முன்னால் உட்கார்ந்து அந்தப் பிள்ளை செய்வதும் அதே கணக்குத்தான்.

இதை ஒப்புக்கொண்டால் செய்ய வேண்டியவை தாமாகத் தெரியும். 'ஆலோசனை அறை' என்று பலகை மாட்டிய அறைக்குள் போன பிள்ளையின் பெயர், பின்னேரம் பஸ் தோட்டத்துக்குப் போய்ச் சேருவதற்குள் லயத்துக்குப் போய்விடும். பெண் பிள்ளை என்றால் கதைக்குக் காலும் முளைக்கும். காலைக் கூட்டத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். கதவைச் சாத்தாதீர்கள். எல்லோருக்கும் தெரிகிற, ஆனால் யாருக்கும் கேட்காத இடம் ஒன்றைத் தேடுங்கள். மைதானத்து ஓரத்துப் படிக்கட்டு, நூலகத்தின் கடைசி மேசை, வகுப்பு முடிந்த பிறகு ஆய்வுகூட வராந்தா. கையில் ஏதாவது வேலை இருந்தால் இன்னும் நல்லது. புத்தகத்துக்கு உறை போடுவது, விளையாட்டுப் போட்டிக்குப் பெயர்ப் பட்டியல் எழுதுவது. முகத்துக்கு முகம் பார்த்து உட்காருவதைப் பாடநூல்கள் வலியுறுத்தும். நம் பிள்ளைகளில் பலருக்குப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் வாய் வரும். பெரியவர் முகத்தை நேராகப் பார்க்காமல் பேசுவதை இங்கே மரியாதையாகத்தான் சொல்லிக் கொடுக்கிறோம். அதைப் "பார்வைத் தொடர்பு இல்லை" என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள்.

எழுதுவது என்றதும் இன்னொன்று. பிள்ளை பேசும்போது முன்னால் படிவத்தை வைத்து நிரப்பாதீர்கள். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் யார் இந்தியாவுக்கு, யார் இங்கே என்று பிரிக்கப்பட்டு, கடைசியில் 2003 சட்டத்தோடுதான் அந்தப் பிரச்சினை முடிவுக்கு வந்த சமூகம் இது. கடுதாசியில் எழுதியதால் உறவு பிரிந்த கதை பல வீடுகளில் பாட்டி வாயில் இன்னும் இருக்கிறது. அதிகாரி மாதிரி ஒருவர் பேனாவை எடுத்தால் வீட்டில் எச்சரிக்கையாகிவிடுவார்கள். பிள்ளைக்கு 1948 தெரியாமல் இருக்கலாம், ஆனால் "கையெழுத்துப் போடச் சொன்னா போட்றாத" என்பது தெரியும். பிள்ளை போன பிறகு குறிப்பு எழுதுங்கள். முன்னால் எழுதியே ஆக வேண்டுமென்றால் எழுதியதை வாசித்துக் காட்டுங்கள், எந்த அலுமாரியில் பூட்டப் போகிறீர்கள் என்பதையும் காட்டுங்கள்.

நீங்கள் யாழ்ப்பாணம் என்பது முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். அதை மறைக்கவும் முடியாது, மறைக்கவும் வேண்டாம். ஆனால் 'தோட்டக்காட்டான்' என்ற ஏச்சு எந்தெந்தத் திசையிலிருந்து வந்தது என்பது தோட்டத்து வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். அதனால் பிள்ளைகள் உங்களிடம் பாடப்புத்தகத் தமிழில் பேசப் பார்ப்பார்கள். அந்தத் தமிழில் மனசுக்குள் இருப்பது வராது. அதற்காக நீங்கள் அவர்கள் மாதிரிப் பேசி நடிக்கப் போனால் கேலி செய்கிறார் என்று நினைப்பார்கள். உங்கள் பேச்சிலேயே பேசுங்கள், அவர்களை அவர்கள் பேச்சில் பேச விடுங்கள், புரியாத இடத்தில் "அப்படின்னா என்ன?" என்று கேளுங்கள். மிஸ் என்று கூப்பிடுகிற பிள்ளையிடம் "அக்கா என்று கூப்பிடு" என்று முதல் நாளே சொல்லாதீர்கள். உறவுமுறை வைத்துக் கூப்பிடுவது பிள்ளையாக எடுக்க வேண்டிய முடிவு. ஒருநாள் கூப்பிடும், அல்லது கடைசி வரை மிஸ்தான். இரண்டும் சரி.

இனி "ஒண்ணும் இல்ல" என்பதைத் தாண்டுவது எப்படி? உடம்பிலிருந்து தொடங்குங்கள். கவலை, மனச்சோர்வு என்று கேட்டால் பதில் வராது. தலை பாரமா இருக்கா, நெஞ்சு படபடக்குதா, ராத்திரி தூக்கம் வருதா, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் வரும். இதில் ஒரு எச்சரிக்கை. தலைவலி, களைப்பு என்று வரும் பிள்ளையின் பிரச்சினை முழுக்க மனசு சம்பந்தப்பட்டது என்று முடிவு கட்டாதீர்கள். இரத்தச்சோகை நம் தோட்டங்களில் அரிதான விஷயமில்லை. கண் பார்வைக் குறைவு இருக்கலாம், மாதவிடாய் வலி இருக்கலாம், காலையில் வெறும் தேத்தண்ணியோடு வந்திருக்கலாம். வைத்தியரிடம் ஒருமுறை காட்டிய பிறகு நீங்கள் தொடரலாம். உடம்பைப் பற்றிப் பேசப் பழகிய பிள்ளையிடம் அப்புறம் மூன்று கேள்விகள் கேட்பேன். உங்கள் வீட்டில் இதை என்னவென்று சொல்கிறார்கள்? ஏன் வந்தது என்று பாட்டி நினைக்கிறார்? நீ என்ன நினைக்கிறாய்? இவை என் கண்டுபிடிப்பு இல்லை. ஆர்தர் கிளைன்மன் என்ற மனநல மருத்துவர் 1970களில் எழுதியவற்றில் இவற்றின் மூலம் இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூலிலும் இந்த வகைக் கேள்விகள் தனி நேர்காணலாகவே சேர்க்கப்பட்டன. பாட்டி நினைப்பதையும் பிள்ளை நினைப்பதையும் தனித்தனியாகக் கேட்பதில்தான் இதன் பலன் இருக்கிறது. பெரும்பாலான நேரம் இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை, பிள்ளை பேச ஆரம்பிப்பதும் அந்த இடைவெளியில்தான்.

பாட்டி சொல்வது கண்ணூறாக இருக்கும், காத்துக் கருப்பாக இருக்கும், பக்கத்து லயத்தில் யாரோ வைத்த செய்வினையாகவும் இருக்கும். விபூதி போடுவது, கையில் கயிறு கட்டுவது, மாடசாமிக்கு நேர்ந்துகொள்வது எல்லாம் நடக்கும். இவற்றோடு சண்டைக்குப் போகாதீர்கள். கயிறும் கட்டட்டும், உங்களிடமும் வரட்டும். எனக்குத் தெரிந்த பூசாரிகள் சிலர், "இது நம்ம வேலையில்ல, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க" என்று அனுப்பியிருக்கிறார்கள். மரியாதையாகப் போய்ப் பேசினால் அவர்கள் உதவுவார்கள். நான் நிற்கச் சொல்கிற இடம் வேறு: பேய் ஓட்டுகிறேன் என்று அடிப்பது, பட்டினி போடுவது, வலிப்பு நோய்க்குக் கொடுத்த மருந்தை நிறுத்தச் சொல்வது. அங்கே மரியாதை பார்க்க ஒன்றுமில்லை. சரி, சாமி வருவதற்கும் நோய்க்கும் எப்படி வித்தியாசம் காண்பது என்று கேட்பீர்கள். திருவிழாவில் உடுக்குச் சத்தத்துக்கு ஆடி, தண்ணீர் தெளித்ததும் அடங்குகிற பிள்ளைக்கு உங்கள் உதவி தேவையில்லை. கணித வகுப்பு நடுவே வரும் சாமியைக் கவனிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருப்பவற்றில் எனக்கே சந்தேகம் வரும். அப்போது தோட்டத்து மூத்த பெண்களைக் கேட்பேன். "இது சாமி மாதிரி இல்லையேம்மா" என்று அவர்களே சொல்லும் பட்சத்தில் மனநல மருத்துவரிடம் அனுப்பத் தாமதிப்பதில்லை.

பயிற்சியில் உங்களுக்கு ஆலோசனை சொல்லாதே, கேட்டுக்கொண்டிரு என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அது அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் வழி வந்தது, நல்ல அடிப்படைதான். ஆனால் மழையில் நனைந்து வந்து, பிரச்சினையைச் சொல்லிவிட்டு, "நீ என்ன நினைக்கிறாய்?" என்பதை மட்டும் பதிலாக வாங்கிப் போகிற பிள்ளை அடுத்த வாரம் வராது. பெரியவரிடம் போனால் பெரியவர் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்து வளர்ந்த பிள்ளை அது. இந்திய மனநல மருத்துவர் ஜே. எஸ். நேக்கி 1973இலேயே குரு-சிஷ்ய உறவை உளச்சிகிச்சைக்கு ஒரு மாதிரியாக எடுக்கலாம் என்று எழுதினார். அதை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. குருவிடம் எதிர்த்துப் பேச முடியாது, நம் பிள்ளைகளுக்கோ எதிர்த்துப் பேசும் இடம் ஏற்கெனவே குறைவு. நான் செய்வது இதுதான்: முதல் சந்திப்பிலேயே கையில் எடுத்துப் போக ஏதாவது ஒன்று கொடுப்பேன். தூக்கத்துக்கு ஒரு வழி, படபடப்புக்கு ஒரு மூச்சுப் பயிற்சி, வகுப்பாசிரியரிடம் நான் பேச வேண்டிய ஒரு விஷயம். வாழ்க்கை முடிவுகளில் மட்டும் வாயை மூடிக்கொள்வேன்.

தரம் 10இல் ஒரு பிள்ளை. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். முதல் இரண்டு பாடவேளையும் மேசையில் தலை வைத்துத் தூங்கும். "போன் பைத்தியம், ராத்திரி எவனோடயோ பேசுது" என்பது ஆசிரியர்கள் அறையில் முடிவான விஷயம். என்னிடம் அனுப்பினார்கள். போன் பேசுவதை மறுக்கவில்லை. யாரோடு என்றும் சொல்லவில்லை. மூன்றாவது வாரம், வரவுப் பதிவேட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டே, "குவைத்ல இப்ப என்ன நேரம் மிஸ்?" என்று கேட்டது. நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால். வீட்டு வேலை எல்லாம் முடிந்து, அந்த வீட்டுக்காரர்கள் படுத்த பிறகு அம்மா போன் எடுப்பது அங்கே பதினொரு மணிக்கு. இங்கே விடியப்புறம் ஒன்றரை. தம்பியும் அப்பாவும் எழும்பாமல் இருக்க, போனைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து பேசும். அப்பா குடித்துவிட்டு வந்ததை அம்மாவிடம் சொல்லாது, அம்மா அங்கே அழுததை அப்பாயியிடம் சொல்லாது. ஐந்து மணிக்கு எழுந்து தம்பிக்கு ரொட்டி சுட வேண்டும். இதில் கலாசாரம் எங்கே இருக்கிறது? ஒரு நாட்டின் நேரத்துக்கும் இன்னொரு நாட்டின் நேரத்துக்கும் நடுவில் ஒரு பிள்ளை விழித்திருக்கிறது.

அந்தப் பிள்ளையிடம் அம்மாவைப் பற்றிக் கோபம் இருந்தது. அதை வெளியில் எடுக்க வழியில்லை, ஏனென்றால் "நமக்காகத்தானே போச்சு" என்ற ஒரு வாக்கியம் வீட்டில் எல்லாக் கதவையும் சாத்திவிடும். அம்மா வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் 'அம்மா விட்டுவிட்டுப் போய்விட்டார்' என்ற தொனி உங்கள் குரலில் வந்தால் அன்றோடு முடிந்தது. 'எவ்வளவு தியாகம்' என்றாலும் முடிந்தது. நன்றியும் கோபமும் ஒரே நேரத்தில் இருக்கலாம் என்று பிள்ளைக்குத் தெரிந்தால் போதும். அதைச் சொல்வதற்கு நான் அவசரப்படுவதில்லை. இந்தப் பிள்ளை விஷயத்தில் முதலில் செய்தது மிகச் சாதாரணமானது: அம்மாவுக்கு ஓய்வு கிடைக்கிற வெள்ளிக்கிழமைப் பின்னேரத்துக்கு அழைப்பை மாற்றியது, வகுப்பாசிரியரிடம் பிள்ளையின் அனுமதியோடு இரண்டே வரி சொன்னது. தூக்கம் சரியான பிறகுதான் மற்றதெல்லாம் பேச முடிந்தது.

பொடியன்கள் கதை வேறு. உங்களிடம் வரவே மாட்டார்கள், கொழும்புக்குப் போய்விடுவார்கள். தரம் 10இல் பாதியில், கடைக்கு அல்லது ஹோட்டலுக்கு. கட்டாயக் கல்வி வயது 2016இலும், வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயது 2021இலும் 16 ஆக உயர்த்தப்பட்டன. இதை வீட்டாருக்குச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் "படிப்பை விடாதே" என்று மட்டும் சொல்கிறவரைப் பொடியன்கள் மதிப்பதில்லை. வீட்டில் கடன் எவ்வளவு, அதில் எவ்வளவை அவன் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறான் என்று கேளுங்கள். துல்லியமாகச் சொல்வான்.

இரகசியம் காப்பதைப் பற்றி உங்கள் கேள்வியில் இல்லை, ஆனால் நம்பிக்கை உடைவது பெரும்பாலும் இங்கேதான். "நீ சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அது பொய். உயிருக்கு ஆபத்து, யாராவது அடிப்பது, தவறாகத் தொடுவது, இந்த மூன்றும் வந்தால் நான் ஒருவரிடமாவது சொல்லியே ஆக வேண்டும், சொல்வதற்கு முன் உன்னிடம் சொல்வேன் என்று பிள்ளை வாய் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். காதல் விஷயம் வரும்போது இது கத்தி மேல் நடக்கிற வேலை. தண்டனைச் சட்டத்துக்கு 1995இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையோடு உடலுறவு கொள்வது, பிள்ளை சம்மதித்தாலும், குற்றம். பொதுச் சட்டப்படி திருமண வயது 18. சும்மா கடிதம் கொடுத்ததை வீட்டுக்குச் சொல்லி ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்தவும் கூடாது. பதினைந்து வயதுப் பிள்ளையை முப்பது வயதுக்காரன் ஏமாற்றுவதை இரகசியம் என்று பூட்டி வைக்கவும் கூடாது. வீட்டில் தெரிந்தால் என்ன நடக்கும் என்பதில் சாதியும் வரும். தோட்டத்தில் யாரும் அதைப் பற்றி வெளியில் பேச மாட்டார்கள், கல்யாணப் பேச்சில் மட்டும் எட்டிப் பார்க்கும். நீங்கள் கேட்க வேண்டாம், பிள்ளை சொன்னால் கேட்டு ஆச்சரியப்படவும் வேண்டாம்.

கலாசாரத்தை மதிக்க வேண்டும் என்ற பேச்சை நான் அறவே ஏற்காத ஓர் இடம் உண்டு. பிள்ளைக்குத் துஷ்பிரயோகம் நடந்த பிறகு தோட்டத் தலைவர் வீட்டிலோ கோயில் மடத்திலோ உட்கார்ந்து பணம் பேசி, அல்லது செய்தவனுக்கே கட்டி வைப்பதாகச் சொல்லி முடிப்பது. "எங்க தோட்டத்து வழக்கம் இது, நீங்க வெளியாளு" என்று உங்களிடம் சொல்வார்கள். உங்களுக்குச் சங்கடமாக இருக்கும், வெளியாள் என்ற பயத்தில் பின்வாங்கத் தோன்றும். பின்வாங்காதீர்கள். அந்த மடத்தில் பிள்ளையின் அம்மா எங்கே நின்றுகொண்டிருக்கிறார் என்று பாருங்கள். கதவுக்கு வெளியே நிற்பார். அவர் ஒத்துக்கொண்ட வழக்கம் என்று யாரும் சொல்ல முடியாது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கு யாரும் அழைக்கலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும், நன்னடத்தை உத்தியோகத்தரும் யார் என்று, தேவை வருவதற்கு முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தனியாக முடிவெடுக்காதீர்கள், அதிபரோடு சேர்ந்து எடுங்கள். அதிபர் தயங்கினால் வலயக் கல்வி அலுவலகம் இருக்கிறது.

சாக வேண்டும் என்ற எண்ணத்தைப் பற்றி நேராகக் கேட்டால் பிள்ளைக்கு அந்த எண்ணத்தை நாமே ஊட்டியதாகிவிடும் என்று பல ஆசிரியர்கள் பயப்படுகிறார்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆய்வுகளும் ஒரே குரலில் சொல்கின்றன: கேட்பதால் எண்ணம் வருவதில்லை. நேராகக் கேளுங்கள். இலங்கையில் இன்னொன்றும் நன்றாகத் தெரிந்ததே. இளம் வயதினர் தம்மைத் தாமே வருத்திக்கொள்வது பல நேரம் நீண்ட திட்டத்தில் நடப்பதில்லை, வீட்டில் ஒரு சண்டை நடந்து அந்தக் கோபம் அடங்குவதற்குள் நடந்துவிடுகிறது. ஆகவே அந்த நேரத்தில் ஆபத்தான பொருள் கைக்கு எட்டாமல் இருப்பதே பெரிய பாதுகாப்பு. 1995இல் இந்த நாட்டில் தற்கொலை விகிதம் இலட்சம் பேருக்கு 47 என்று உலகின் உச்சத்தை ஒட்டி இருந்தது. மிக நச்சான பூச்சிமருந்துகளுக்கு வந்த தடையோடு பத்து ஆண்டுகளில் அது ஏறத்தாழப் பாதியானது. மரக்கறித் தோட்டம் வைத்திருக்கும் வீடுகளில் பூச்சிமருந்து எங்கே இருக்கிறது, யாரிடம் சாவி இருக்கிறது என்று கேட்பது உளவளத்துணையாளரின் வேலைதான். இன்னொரு விஷயம்: தற்கொலை முயற்சி 1998க்குப் பிறகு இந்த நாட்டில் குற்றமில்லை. பொலிஸ் வரும் என்ற பயத்தில் வைத்தியசாலையில் பொய் சொல்லும் குடும்பங்களுக்கு இதைச் சொன்னாலே பாதி பாரம் இறங்கும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்தைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே கொடுத்து வையுங்கள். ஆபத்து உடனடி என்று தெரிந்தால் பிள்ளையைத் தனியே விடாமல் நேரே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள்.

இனிச் சந்தேகமானவை. பண்பாட்டுக்கு ஏற்றபடி மாற்றியமைத்த உளச்சிகிச்சை, மாற்றாததைவிடச் சற்று நன்றாக வேலை செய்கிறது என்று, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வுகள் சொல்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பகுதி அமெரிக்காவில் வாழும் சிறுபான்மையினரிடம், அதிலும் வளர்ந்தவர்களிடம் செய்தவை. பொகவந்தலாவையில் இருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அதை அப்படியே கொண்டுவர நான் தயாராயில்லை. தமிழில் கிடைக்கும் வினாக்கொத்துகளும் அப்படித்தான். பேச்சைத் தொடங்க உதவும், ஆனால் மொத்தப் புள்ளியைக் கூட்டி "இந்தப் பிள்ளைக்கு மனச்சோர்வு" என்று எழுத அவை போதாது. "வாழ்க்கையில் நம்பிக்கையில்லை" என்ற வரிக்கு ஆம் போட்ட பிள்ளையிடம் ஏன் என்று கேட்டேன். "சாதாரண தரத்துல கணக்கு வராது மிஸ்" என்றது. பேரிடர் நடந்தால் வகுப்பையே உட்கார வைத்து என்ன பார்த்தீர்கள், என்ன நினைத்தீர்கள் என்று ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டச் சொல்லும் முறையை விட்டுவிடுங்கள். அது பயன் தருவதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்கிறது என்பதில் இப்போது பெரிய கருத்து வேறுபாடு இல்லை. 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தை மண்சரிவு மாதிரி ஒன்று நடந்தால் பிள்ளைகளுக்கு முதலில் வேண்டியது உறங்க இடம், தெரிந்த முகம், உண்மையான தகவல், திரும்பவும் பாடசாலை. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும் இந்த ஒழுங்கில்தான் போகிறது.

கடைசியாக, "பெற்றோரைக் கூப்பிட்டால் வருவதே இல்லை, அக்கறை இல்லையா?" என்று எழுதியிருந்தீர்கள். காலை பத்து மணிக்குக் கூப்பிட்டிருப்பீர்கள். பத்து மணிக்கு உங்கள் முன்னால் உட்கார்ந்தால் ஓர் அம்மாவுக்கு அன்றைய பேர், அதாவது அந்த நாள் சம்பளம், போகும், கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் அரைப் பேர் கிடைக்கும். ஒரு தடவை வருவார், இரண்டாவது தடவை யோசிப்பார். பின்னேரம் கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு, அல்லது ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்கள். அது முடியாதென்றால் நீங்கள் போங்கள், ஆனால் கோப்பைக் கையில் பிடித்துக்கொண்டு லயத்துக்குப் போகாதீர்கள், இஸ்தோப்பில் பத்துப் பேர் கூடிவிடுவார்கள். பிள்ளைக் காம்பரா என்கிற தோட்டத்துக் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தின் பொறுப்பாளரையோ மருத்துவமாதுவையோ முன்பே பழகி வைத்திருந்தால், அவர்கள் தோட்டத்துக்கு வரும் நாளில் நீங்களும் போகலாம். யார் வீட்டுக்கு வந்தீர்கள் என்று யாரும் தேட மாட்டார்கள். தேத்தண்ணி கொடுப்பார்கள், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். பிள்ளையைப் பற்றி ஒரு நல்ல விஷயத்தை முதலில் சொல்லுங்கள், அது உண்மையாகவும் இருக்க வேண்டும். மாதச் சம்பளம் போடும் நாளில் மட்டும் போகாதீர்கள். அன்றைக்குக் கடன்காரர்களும் அதே வாசலுக்குத்தான் வருவார்கள்.